பச்சையெல்லாம் பயிராமோ?

மழை பொய்த்த ஆண்டு இஃதென்று தீர்மானிக்கும் பொறுப்பு நம் நாட்டில் பல கைகள் மாறி வந்துளது. முன்னாளில் அதற்கு முதற் சான்று கிராமக் கணக்குப்பிள்ளையின் அடங்கல். அவர் வரப்பின்மேல் நடந்து சென்று, இன்ன சர்வே எண்ணில் இன்ன பயிர், இவ்வளவு விளைவு, இவ்வளவு சாவி என்று குறித்து வைப்பார். தாசில்தார் அதனை மேற்பார்ப்பார். தீர்வை தள்ளுபடி ஆவதும் ஆகாமையும் அதனைப் பொறுத்தே நிற்கும். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தின் பின்னர், 1880-இல் பஞ்ச விசாரணைக் குழு தன் அறிக்கையைத் தந்தது. 1883-இல் பஞ்ச விதித்தொகுதி வகுக்கப்பெற்றது. அவ்விதிகளின்படி, ஐயமுற்ற இடத்தில் குறைந்த கூலிக்கு வேலையொன்றைத் திறந்துவைத்துப் பார்ப்பர். அதற்கு ஆள் திரண்டு வந்தால் பஞ்சம் மெய், வாராவிடின் பொய். பசித்தவன் தன் உடலையே கொணர்ந்து சாட்சியாக நிறுத்தவேண்டியிருந்த காலம் அது.

இன்று அவ்வழக்கில் ஒரு புதிய சாட்சி தோன்றியிருக்கின்றது. நிலத்தினின்று எழுநூறு எண்ணூறு கிலோமீட்டர் உயரத்தில் ஓயாது சுற்றிவரும் செயற்கைத் துணைக்கோளே அச்சாட்சி. அது வயலின் பசுமையை எண்ணாக மாற்றிக் கீழே அனுப்ப, அவ்வெண்ணைக் கொண்டு ஒரு வட்டாரம் வறண்டதா அன்றா என்று அரசாங்கத்தார் ஆராய்கின்றனர். இச்சாட்சியின் வரவை யான் மகிழ்ந்து ஏற்கின்றேன். ஆயினும் எந்தச் சாட்சியையும் குறுக்கு விசாரணையின்றி ஏற்றல் நீதியன்று. நம் மாணவருள் திண்டிவனம், வானூர் வட்டங்களினின்று வருவோர் பலர். அவர்தம் வீட்டு நிலங்களின் நன்மை தீமை இவ்வெண்ணோடு பிணைந்திருத்தலின், திருவக்கரையைச் சுற்றிய நிலத்தையே எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை விசாரிப்போம்.

முதற்கண் அவ்வெண் எவ்வாறு பிறக்கின்றது என்று அறிதல் வேண்டும். 1800-ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷல் என்னும் வானநூற் புலவர், பளிங்குப் பட்டகத்தால் ஞாயிற்றின் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்பிற்கு அப்பால், கண்ணுக்கு ஒன்றுமே புலப்படாத இடத்திலும் வெப்பமானி ஏறிற்று. அகச்சிவப்பு ஒளி இவ்வாறு அறியப்பட்டது. பச்சை இலை தன் உணவைச் சமைக்கும்பொருட்டுச் சிவப்பு ஒளியைப் பெரும்பாலும் உட்கொண்டுவிடும்; ஆனால் சிவப்பை அடுத்துள்ள அகச்சிவப்பை, இலையின் உள்ளறைகளின் அமைப்பினால், ஏறக்குறையப் பாதியளவு திருப்பி வீசிவிடும். வெறுமண்ணோ இரண்டையும் அதிக வேற்றுமையின்றித் திருப்பும். ஆகவே, திரும்பிவரும் அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழித்து, வந்ததை அவ்விரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் பசுமையின் அளவு கிடைக்கும். அகச்சிவப்பு 50 பங்கும் சிவப்பு 8 பங்கும் திரும்பினால், 42-ஐ 58-ஆல் வகுக்க 0.72 வரும், அது செழித்த பயிர். 30 பங்கும் 22 பங்குமாயின் 0.15, அது உழுது போட்ட கொல்லை. தண்ணீர்ப்பரப்பில் எண் சுழிக்கும் கீழே இறங்கும்.

இதற்கு அறிஞர் இட்ட பெயர் நீண்டது, சுருக்கமாக என்.டி.வி.ஐ. என்பர். நாம் பசுமை எண் என்றே வழங்குவோம். 1972-இல் அமெரிக்கர் விண்ணிலேற்றிய லேண்ட்சாட் முதற் கோளின் படங்களைக் கொண்டு, டெக்ஸாஸ் நாட்டுப் புல்வெளிகளை ஆராய்ந்த ரவுஸ் முதலியோர் அடுத்த ஆண்டிலேயே இதனை எழுதினர். பின்னர் 1979-இல் காம்ப்டன் டக்கர் என்பார் இதன் பயனை விரித்துக் காட்டினார். நம் நாட்டில் ஐதராபாத்திலுள்ள தொலையுணர்வு நிலையத்தார், நாடாம்ஸ் என்னும் வேளாண் வறட்சிக் கண்காணிப்பு முறையை 1989 முதல் நடத்திவந்தனர்; 2012-இல் புதுதில்லியில் மகலனோபிஸ் பெயரால் அமைந்த தேசியப் பயிர் முன்கணிப்பு மையத்திடம் அப்பணி ஒப்படைக்கப்பட்டது.

கண்ணின் கூர்மையும் காலந்தோறும் வளர்ந்துளது. தொடக்கத்தில் பயன்பட்ட அமெரிக்க வானிலைக் கோளின் படத்தில் ஒரு புள்ளி என்பது நிலத்தில் ஏறக்குறைய 300 ஏக்கர். ஒரு சிற்றூரின் நஞ்சை புஞ்சை, ஏரி, நத்தம் யாவும் ஒரே புள்ளியில் அடங்கிவிடும். 1999-இன் இறுதியில் ஏவப்பட்ட டெரா என்னும் கோளின் மோடிஸ் கருவிக்கு ஒரு புள்ளி 15 ஏக்கர். நம்மவர் 2003-இல் ஏவிய ரிசோர்ஸ்சாட் கோளின் கருவியொன்றிற்கு முக்கால் ஏக்கர். 2015-இல் ஐரோப்பியர் ஏவிய சென்டினல் இரண்டாம் வரிசைக் கோளுக்கோ இரண்டரை சென்ட். அதாவது, ஒரு மனைக்கட்டு அளவுள்ள நிலம் இப்போது விண்ணிலிருந்து தனியே தெரிகின்றது. அந்தப் படங்களையும் எவரும் காசின்றிப் பெறலாம்.

நிற்க. பசுமை எண் ஒன்றை மட்டும் கண்டு வறட்சி என்று கூறிவிட முடியாது. சித்திரை மாதத்து வானூர்க் கொல்லையில் 0.15 என்பது இயற்கை; கார்த்திகையில் அதே எண் பேரிடர். ஆதலின், அந்த இடத்தின் இன்றைய எண்ணை, கடந்த பல ஆண்டுகளில் அதே இடத்தில், அதே காலத்தில் கண்ட மிகத் தாழ்ந்த எண்ணுக்கும் மிக உயர்ந்த எண்ணுக்கும் இடையே வைத்து, நூற்றுக்கு எவ்வளவு என்று கணிக்கின்றனர். இம்முறையை ஃபெலிக்ஸ் கோகன் என்பார் வகுத்தார். அறுபதுக்கு மேல் நன்று. நாற்பது முதல் அறுபது வரை நடுத்தரம். நாற்பதுக்குக் கீழ் தாழ்வு. எலியா தீர்க்கதரிசியின் ஊழியக்காரன் கடற்பக்கமாக ஏழுதரம் போய்ப் பார்த்தான் என்பதை நம் மாணவர் அறிவர். ஆறு தரம் ஒன்றுமில்லை என்று வந்து சொன்னமையாலேயே ஏழாந்தரம் கண்ட சிறு மேகத்திற்குப் பொருள் உண்டாயிற்று. துணைக்கோளின் வலிமையும் அத்தகையதே.

இவ்வெண் வெறும் ஆராய்ச்சிப் பொருளாக நின்றிருக்குமாயின் இக்கட்டுரைக்கு வேலையில்லை. 2016-ஆம் ஆண்டு மே மாதம் 11-ஆம் நாள், சுவராஜ் அபியான் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்புரைத்தது. வறட்சியை வறட்சி என்று ஒப்புக்கொள்ளச் சில மாநில அரசுகள் தயங்கியதைக் கண்டித்து, வறட்சிக் கையேட்டைத் திருத்தியமைக்குமாறு அது மத்திய அரசாங்கத்திற்குக் கட்டளையிட்டது. அவ்வாண்டின் இறுதியிலேயே புதிய கையேடு வெளிவந்தது. அதன்படி, முதலில் மழைக்குறைவு கண்டறியப்படும். பின்னர் விதைப்புப் பரப்பு, தொலையுணர்வு எண், மண்ணின் ஈரம், நீர்நிலைகளின் இருப்பு என்னும் நால்வகைச் சான்றுகள் நோக்கப்படும். அதன்பின் பாதிப்புற்ற வட்டங்களில் நூற்றுக்குப் பத்துக் கிராமங்களைத் தெரிந்தெடுத்து வயலில் நேரிற் சென்று சரிபார்க்கப்படும். முடிவில் வறட்சி கடுமை என்றோ நடுத்தரம் என்றோ தீரும். கடுமை என்று தீர்ந்தால்தான் தேசியப் பேரிடர் நிதியினின்று உதவி கேட்கலாம். நடுத்தரம் என்றால் மாநிலம் தன் கையிலுள்ளதைக் கொண்டே சமாளிக்க வேண்டும். எனவே நாற்பது, நாற்பத்தொன்று என்னும் இரண்டு எண்களுக்கிடையே எத்தனையோ குடும்பங்களின் அடுத்த விதைப்பு தொங்கிக்கொண்டிருக்கின்றது.

இனித் திருவக்கரைக்கு வருவோம். விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில், வராக நதியென்றும் சங்கராபரணியென்றும் பெயர்பெற்ற ஆற்றின் கரையில் உள்ளது இவ்வூர். சந்திரமௌலீசுவரர் கோயிலும் அங்குள்ள வக்கிரகாளியும் பெயர் பெற்றவை. அதனினும் அறிவியலார்க்குப் பெயர் பெற்றது கல்மரப் பூங்கா. சுமார் இரண்டு கோடி ஆண்டுகட்கு முன் நின்ற மரங்கள் கல்லாகி அங்கே கிடக்கின்றன. 1781-இலேயே சொன்னெரா என்னும் பிரெஞ்சுக்காரர் அவற்றைப்பற்றி எழுதினார். இந்திய நிலவியல் ஆய்வுத்துறையார் காத்துவரும் அம்மரங்களைப் பற்றி ஒரு செய்தி நம் பொருளுக்கு உதவும். அவற்றிற் கிளையில்லை, வேரில்லை, பட்டையுமில்லை. ஆகவே அவை கிடக்கும் இடத்தில் முளைத்தவை அல்ல, பெருவெள்ளம் வேறிடத்தினின்று உருட்டிக் கொணர்ந்து மணலிற் புதைத்தவை என்பது நிலவியலார் துணிபு. மரம் இங்கே கிடக்கின்றது என்பதனால் இங்கே வளர்ந்தது என்று சொல்லுதல் பிழையாம். கண்ணிற் பட்டதற்குக் காரணம் வேறாக இருக்கலாம் என்னும் இப்பாடத்தைத் திருவக்கரை தன் மண்ணிலேயே வைத்திருக்கின்றது.

பசுமை எண்ணும் அவ்வாறே. மேலிருந்து நோக்கும் கருவி, பச்சை உண்டா, எவ்வளவு உண்டு என்பதை மெய்யாகவே உரைக்கும். அப்பச்சை எவருடையது, எதனால் நின்றது, வீட்டுக்கு என்ன கொண்டுவரும் என்பவற்றை அது உரையாது. திருவக்கரையிலிருந்து வானூர், மரக்காணம் நோக்கிச் செல்லும் வழியில் இருபுறமும் காணுங்கள். ஒரு தலைமுறைக்கு முன் மணிலாவும் கம்பும் கேழ்வரகும் விளைந்த புஞ்சைகள் பலவற்றில் இன்று சவுக்கு நிற்கின்றது. கூலியாள் கிடைப்பதில்லை; கிணற்றில் தண்ணீர் இறங்கிப்போயிற்று; மகன் சென்னையில் வேலை பார்க்கின்றான். நட்டுவிட்டால் நான்கைந்து ஆண்டில் வெட்டி விற்கலாம் என்று நட்டுவிடுகின்றனர். அடுத்தாற்போல் முந்திரித் தோப்பு. இவற்றின் வேர் ஆழ்ந்து செல்வதால் ஒரு பருவ மழை தவறினாலும் இலை வாடுவதில்லை. காட்டை நீக்கி விவசாயப் பரப்பை மட்டுமே நாடாம்ஸ் முறையில் கணக்கிடுகின்றனர் என்பது உண்மையே. ஆனால் இச்சவுக்கு நிற்பது பட்டா நிலத்தில். முந்தைய வரைபடத்தில் அது புஞ்சை. இன்றைய பச்சையில் அது தோப்பு.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனித்தல் வேண்டும். அந்த இடத்தை அந்த இடத்தோடே ஒப்பிடுவதால் பிழை நேராதென்று கணிதம் அறிந்தோர் விடை கூறுவர். அவ்விடை, நிலத்தின் பயன் மாறாதிருக்கும்வரையிற்றான் செல்லும். பத்தாண்டுக்கு முன் மணிலா விளைந்து மாசியிற் காய்ந்து கிடந்த கொல்லையில் இன்று சவுக்கு நின்றால், பழைய தாழ்ந்த எண்ணோடு ஒப்பிடும்போது இவ்வாண்டு எப்போதும் நன்று என்றே வரும். பதினைந்து ஏக்கர்ப் புள்ளியொன்றில் ஏழு ஏக்கர் சவுக்கும் எட்டு ஏக்கர் மானாவாரியும் இருந்து, மானாவாரி முழுதும் கருகினாலும், அப்புள்ளி நடுத்தரத்தில் நின்றுவிடக்கூடும். சவுக்கு உடையான் நட்டமடையவில்லை. மணிலா உடையான் அடைந்த நட்டம் அவனுடைய அண்டைவீட்டான் மரத்தின் நிழலில் மறைந்துபோகும்.

வேலிக்காத்தானைப் பற்றி விரித்துரைக்க வேண்டியதில்லை. சீமைக்கருவேல் என்றும் பெயருடைய அம்முட்செடி, ஏரி வற்றினால் ஏரிக்குள்ளேயே பரவும். ஏரி நிறைந்தவிடத்தில் துணைக்கோள் சுழிக்குக் கீழான எண்ணையும், ஏரி வற்றி முள் மண்டியவிடத்தில் உயர்ந்த எண்ணையும் தரும் என்றால், பசுமையைக் கண்டு மகிழ்வதற்கு முன் சிறிது நின்று எண்ணவேண்டாமா?

ஆழ்குழாய்க் கிணறும் இத்தகையதே. சங்கராபரணியின் குறுக்கே திருவக்கரைக்கு மேற்புறம் வீடூர் அணை நிற்கின்றது. 32 அடி கொள்ளும் அவ்வணையால் பாசனம் பெறுவது தமிழ்நாட்டில் 2,200 ஏக்கரும் புதுச்சேரியில் 1,000 ஏக்கருமே. எஞ்சிய நிலம் ஏரியையும் கிணற்றையும் வானத்தையும் நம்பியது. ஏரி பொய்த்தால், வசதியுள்ளவன் குழாயை இன்னும் ஆழமாக இறக்கிக் கரும்பையும் நெல்லையும் காப்பாற்றிக்கொள்வான். அவனுடைய பச்சை மெய்யான பச்சை. ஆனால் கடனும் வற்றும் நிலத்தடி நீரும் அதற்குக் கொடுத்த விலை. அவ்விலை அந்த எண்ணில் இல்லை. ஆழக் குழாய் இறக்க இயலாத ஏழைக் குடியானவன், இறக்கியவனுடைய பச்சையோடு சேர்த்துச் சராசரி கூட்டப்படுகின்றான்.

எல்லாவற்றினும் மணிலாவின் நிலையே எனக்குப் பெருங்கவலை தருவது. நிலக்கடலை என்று நூல்களிலும், மல்லாட்டை, மணிலாக்கொட்டை என்று நம் பக்கத்திலும் வழங்கும் இப்பயிருக்கும் திண்டிவனத்துக்கும் உள்ள உறவு பழையது. டி.எம்.வி. என்னும் மூன்றெழுத்தோடு இந்தியா முழுதும் பரவிய நிலக்கடலை வகைகள், திண்டிவனத்து எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தின் பெயரையே தாங்கியவை. இப்பயிரின் இயல்பு வியப்பானது. பூ மேலே பூக்கும். கருவுற்றபின் பூவின் அடியினின்று விழுது கீழ்நோக்கி நீண்டு மண்ணைத் துளைத்து உட்புகும். மண்ணுக்குள்ளேதான் காய் பிடிக்கும். விழுது இறங்கும் அச்சில வாரங்களில் மேல்மண் ஈரமும் இளக்கமுமாக இருத்தல் இன்றியமையாதது. நம் செம்மண் காய்ந்தால் ஓடுபோல் இறுகும். விழுது நுனி கருகி நிற்கும். ஆடிப்பட்டத்தில் விதைத்த மானாவாரி மணிலாவுக்கு ஆவணி புரட்டாசியில் மூன்று வாரம் மழை தவறிப் பின்னர் ஒரு நல்ல மழை பெய்தால் என்ன நிகழும்? செடி தழைக்கும், இலை கரும்பச்சையாகும், மேலிருந்து பார்க்கும் சாட்சி, பயிர் தேறிற்று என்று நெஞ்சறிய உண்மை கூறும். பறித்துப் பார்க்கும்போது செடிக்கு நாலைந்து காயும், அவற்றிலும் பாதி பொக்கும். நெல்லிலும் இவ்வாறு உண்டு. பூக்கும் தறுவாயில் நீர் தவறினால் தாள் பசுமையாக நிற்கக் கதிர் பதராகும். இலையைப் பார்த்து விளைவைச் சொல்லும் எவரும் மணிலா விளையும் சீமையில் சோதிடம் சொல்பவரே.

அன்றியும், இலை வாடுவது வறட்சியின் முதல் அறிகுறியன்று. மழை நின்று, மண் உலர்ந்து, வேர் தவித்துச் சில வாரங்கள் சென்றபின்பே பசுமை எண் இறங்கத் தொடங்கும். இலையிலுள்ள நீரின் அளவை வேறொரு வகை அகச்சிவப்பினால் காட்டும் மற்றோர் எண் சிறிது முந்திக்கொள்ளும். அதனையும் இப்போது சேர்த்தே நோக்குகின்றனர்.

காலத்தைப்பற்றி ஒரு குறை சொல்லாமல் விடுதற்கில்லை. வடநாட்டாருக்கு மழைக்காலம் சூன் முதல் செப்டம்பர் வரை. நாடாம்ஸ் முறையும் காரிப் பருவம் என்னும் அம்மாதங்களையே முதன்மையாகக் கொண்டு எழுந்தது. நமக்கோ பெருமழை ஐப்பசி கார்த்திகையில். 2016-ஆம் ஆண்டில் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் இயல்பான 440 மில்லிமீட்டருக்கு 168 மில்லிமீட்டரே பெய்தது. நூற்றுக்கு 62 குறைவு. 2017 சனவரி 10-ஆம் நாள், அன்றைய முதலமைச்சர் ஓ. பன்னீர்செல்வம் அப்போதிருந்த 32 மாவட்டங்களும் வறட்சியுற்றவை என்று அறிவித்தார். விழுப்புரமும் அவற்றுள் ஒன்று. தில்லியின் நாட்காட்டி முடிந்த இடத்தில் நம் துன்பம் தொடங்கிற்று என்பதை அந்த ஆண்டு தெளிவாகக் காட்டியது. மேலும், நல்ல மழைக்காலத்தில் வானம் முகிலால் மூடியிருக்க, ஒளியை நம்பிய கோளுக்குக் கீழே ஒன்றும் தெரியாது. பல நாட் படங்களில் தெளிந்தவற்றைப் பொறுக்கிச் சேர்த்து ஒரு படமாக்கி இக்குறையை ஓரளவு தீர்க்கின்றனர். முகிலை ஊடுருவும் ராடார்க் கோள்களைக் கொண்டு நெல் வயல்களை அளக்கும் முயற்சியில், கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தாரோடு சேர்ந்து ஈடுபட்டது போற்றத்தக்கது. ஆயினும் நெற்பயிருக்குக் கிடைத்த இக்கவனம் மானாவாரி மணிலாவுக்கும் கம்புக்கும் கிடைத்தல் வேண்டும்.

இத்தனை குறை கூறியதைக் கேட்டு, அப்படியாயின் இக்கருவியை ஒதுக்கிவிட்டுப் பழைய அடங்கலுக்கே திரும்புவோம் என்று எவரேனும் சொல்வாராயின், அவருடன் யான் சேரேன். அடங்கலின் பெருமை எல்லாம் எழுதுபவரின் காலிலும் மனச்சாட்சியிலும் இருந்தது. வயலுக்குப் போகாமல் திண்ணையில் அமர்ந்தே சென்ற ஆண்டின் பயிரை இவ்வாண்டும் எழுதிய கணக்குகள் உண்டென்பதை நம் பெரியோர் அறிவர். வேண்டியவன் வயல் கருகியதாகவும் வேண்டாதவன் வயல் விளைந்ததாகவும் எழுதப்பட்ட கதைகளும் உண்டு. துணைக்கோளுக்கு உறவும் இல்லை, சாதியும் இல்லை, திண்ணையும் இல்லை. சேரியின் ஓரத்துக் கால் ஏக்கரையும் மிராசுதாரின் பண்ணையையும் அது ஒரே கண்ணால் நோக்குகின்றது. வறட்சியே இல்லை என்று ஓர் அரசாங்கம் சாதிக்கும்போது, அதன் சொல்லுக்கு எதிராக ஏழைகளின் பக்கம் நின்று பேசக்கூடிய சாட்சி இதனினும் வேறில்லை. மாவட்டம் முழுதும் எண் தாழ்ந்திருக்கக் கண்டால், அதனை மறைப்பது எளிதன்று.

ஆகவே என் கருத்து இது. எண் தாழ்ந்தால் அதனை உடனே நம்புக, உதவியைத் தொடங்குக. எண் உயர்ந்திருந்தால் அதனைக்கொண்டு எவனுக்கும் உதவியை மறுக்கற்க; வயலுக்குச் சென்று பார்த்தபின்னரே மறுக்க. இவ்விரண்டையும் ஒரே தராசில் வைப்பது நேர்மைபோலத் தோன்றும். ஆனால், பச்சை இல்லாமைக்குக் காரணங்கள் சில. அவற்றுட் பெரியது வறட்சி. பச்சை இருப்பதற்கோ சவுக்கு, வேலிக்காத்தான், ஆழ்குழாய், காயில்லாத மணிலா என்று காரணங்கள் பல. உழாமல் தரிசாகக் கிடக்கும் நிலமும் எண்ணைத் தாழ்த்தும் என்று சிலர் தடை கூறக்கூடும். விதைப்புப் பரப்பின் கணக்கு அதற்கு விடை தரும். தண்ணீரின்மையாலேயே தரிசு கிடந்ததாயின் அதுவும் வறட்சியே.

இதற்குச் செய்யவேண்டுவன பெரிய செலவுடையன அல்ல. இரண்டரை சென்ட் வரை காணும் கண் இருக்கும்போது, வட்டத்துக்கு ஓர் எண் என்று சராசரி கூறி நிறுத்துவது ஏன்? சவுக்கும் முந்திரியும் முள்ளும் நிற்கும் நிலங்களைச் சர்வே எண் வாரியாக நீக்கி, மானாவாரிக்குத் தனியே, இறைவைக்குத் தனியே எண் கூறலாம். அதற்கு வேண்டிய பயிர்க்கணக்கு புதிதாகத் தோன்றவேண்டியதில்லை. 2024-இன் பிற்பகுதியில் தமிழ்நாட்டில் மின்னணு முறையில் பயிர்க் கணக்கெடுக்க வேளாண் கல்லூரி மாணவரையே ஈடுபடுத்தினர். சர்வே எண்ணும் பயிரும் ஓரிடத்தில், பசுமை எண் மற்றோரிடத்தில் என்று பிரிந்து கிடப்பவற்றை இணைப்பதே வேலை. மற்றொன்று, அவ்வாறு கணித்த எண்ணைத் திருவக்கரை ஊராட்சி மன்றத்தின் பலகையில், அவ்வாரத்து மழையளவின் பக்கத்தில் தமிழில் எழுதிவைத்தல் வேண்டும். இன்று அவ்வெண்ணைப் பற்றித் தில்லியும் ஐதராபாத்தும் சென்னையும் அறியும். எவனுடைய கொல்லையைப் பற்றிய எண்ணோ அவன் அறியான். அறியாத சாட்சியத்தை மறுத்துரைக்க எவரால் இயலும்? என் கொல்லை பச்சையாக இருக்கின்றது, ஆனால் காயில்லை என்று ஒருவன் குறித்த நாட்களுக்குள் மனுக் கொடுத்தால், ஒருவர் வந்து பத்துச் செடி பறித்துக் காய் எண்ணிப் பார்க்கக் கடமைப்பட்டவராதல் வேண்டும். கையேடு கூறும் நூற்றுக்குப் பத்துக் கிராமத்து ஆய்வில், அவ்வாறு மனு வந்த கிராமங்களையே முதலிற் சேர்த்தல் வேண்டும்.

நம் மாணவர்க்கு ஒரு வார்த்தை. நிலநூலும் பௌதிகமும் தாவரநூலும் பயிலும் நீங்கள், கணிப்பொறித் திரையில் சிவப்பும் பச்சையுமாய்த் தோன்றும் படங்களை அழகாகத் தீட்டக் கற்றுவிட்டீர்கள். வானூர், திண்டிவனம் வட்டங்களினின்று வரும் ஐவரேனும் வருகின்ற ஆடியில் தத்தம் வீட்டு மணிலாக் கொல்லை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். விதைத்த நாள், மழை பெய்த நாள், பூ கண்ட நாள், விழுது இறங்கிய நாள், பறித்த நாள், செடிக்கு எத்தனை காய், ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்பவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். அதே நாட்களில் அதே கொல்லைக்கு விண்ணிலிருந்து கிடைத்த எண்ணை எதிர்ப்பக்கத்தில் எழுதுங்கள். தந்தையாரிடமும் பாட்டனாரிடமும் எந்த ஆண்டு அக்கொல்லையில் என்ன விளைந்தது என்று கேட்டு, துணைக்கோளின் நினைவு எட்டும் வரையிலாவது பின்னோக்கிச் செல்லுங்கள். அடுத்த ஆண்டு மலருக்கு அக்குறிப்பேடுகள் வந்து சேருமாயின், இக்கட்டுரையில் யான் சொல்லால் வாதித்ததை மூட்டைக் கணக்கோடு அங்கே காணலாம்.